துணியை அளந்தவர்கள்

துணிக்கு ஆயுள் குறைவு. அந்துப்பூச்சி, ஈரம், வெயில், எலி, நெருப்பு, கடைசியில் கத்தரிக்கோல் என்று அதற்குப் பகைவர்கள் ஏராளம். நார்மண்டியின் பாயூ நகரில் இருக்கும் லினன் துணி இத்தனையையும் தாண்டி ஏறத்தாழ 950 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டது. 68 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், அரை மீட்டர் அகலம். அது பிழைத்ததற்குப் பாதிக் காரணம், பல நூற்றாண்டுகள் யாரும் அதைக் கண்டுகொள்ளாதது. மறுபாதி, போர் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் அதன்மேல் ஆசை வைத்தது. அப்படி ஆசைப்பட்டவர்களுக்காக அதை அளக்கப் போனவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் யான்கூன். ஜெர்மானியத் தொல்குடிகள் பற்றிய ஆய்வில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர்களில் ஒன்று அது. துணியின் பயணத்தைச் சொன்னால் அவருடைய பயணத்தையும் சொல்லியாக வேண்டும்.

உலகம் அதைப் 'பாயூ டாபெஸ்ட்ரி' என்று அழைக்கிறது. உண்மையில் அது தறியில் நெய்த சித்திரம் அல்ல, எம்பிராய்டரி. ஒன்பது லினன் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து, சாயமேற்றிய கம்பளி நூலால் உருவங்களை நிரப்பியிருக்கிறார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், நீலத்துக்கு வோட் என்னும் செடி, மஞ்சளுக்கு வெல்ட் செடி. கதை 1064இல் தொடங்கி 1066 அக்டோபர் 14இல், ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் முடிகிறது. நார்மண்டிக் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்து மன்னர் ஹரால்டை வென்ற கதை. அறுநூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள், இருநூறு அளவில் குதிரைகள், மரம் வெட்டிக் கப்பல் கட்டும் தச்சர்கள், சமையல் செய்யும் வீரர்கள், வானத்தில் ஹாலி வால்நட்சத்திரம். கடைசிப் பகுதி கிழிந்து காணாமல் போயிருப்பதால், தோற்ற படை ஓடும் இடத்தில் கதை அறுந்து நிற்கிறது.

வில்லியமின் மனைவி மட்டில்டா அரசி தன் தோழியரோடு இருந்து தைத்தது என்று நெடுநாள் நம்பினார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. வில்லியமின் தாய்வழிச் சகோதரரும் பாயூவின் ஆயருமான ஓடோ தைக்கச் சொல்லியிருக்க வேண்டும், தைத்தவர்கள் இங்கிலாந்தில், அநேகமாகக் கான்டர்பரியில் இருந்த கைவினைஞர்கள் என்பதே பரவலான கருத்து. அப்படியானால் வென்றவரின் புகழைத் தோற்ற நாட்டவரின் விரல்களே தைத்திருக்கின்றன. துணியின் முதல் கடல் பயணமும் அப்போதே நடந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நானூறு ஆண்டுகளுக்கு அதைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. 1476இல் பாயூ பேராலயத்தின் பொருள் பட்டியலில் முதன்முறையாகத் தலைகாட்டுகிறது: இங்கிலாந்து வெற்றியைச் சித்திரிக்கும் மிக நீண்ட, குறுகலான துணி, திருப்பண்ட விழாவின்போது ஆலயத்தின் நடுக்கூடத்தைச் சுற்றித் தொங்கவிடப்படுவது. ஆண்டில் சில நாள் மட்டும் வெளிச்சம், மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் இருட்டு. சாயம் மங்காமல் காத்தது இந்த ஏற்பாடுதான். 1562இல் ஹூகனாட்டுகள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் ஆலயத்தைச் சூறையாடியபோதும் துணி தப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் மொன்ஃபோக்கோன் அதன் படத்தை அச்சிட்ட பிறகுதான் பாயூவுக்கு வெளியே அதற்குப் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்ததோடு ஆபத்தும் வந்தது. 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைக்கு ஆள் திரண்டபோது, பயண வண்டி ஒன்றில் ஏற்றிய சாமான்களை மூட உறுதியான துணி தேவைப்பட்டது. கைக்கு அகப்பட்டது இதுதான். லெயோனார் லெஃபோரஸ்டியே என்ற வழக்கறிஞர் ஓடிவந்து, வேறு கித்தானைக் கொடுத்து இதை மீட்டு வைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில், புரட்சித் திருவிழா ஊர்தியை அலங்கரிக்க இதை வெட்டலாம் என்று இன்னொரு யோசனை. அதையும் உள்ளூர்க்காரர்களே தடுத்தார்கள். சாமான் மூடும் கித்தானாகவும் ஊர்தியின் தோரணமாகவும் மாறவிருந்த அதே துணியை அடுத்த பத்தாண்டுக்குள் பாரிசுக்கு வரவழைத்தார் நெப்போலியன். 1803இல் அவர் இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தை வென்றது ஏற்கெனவே ஒருமுறை நடந்த காரியம் என்று மக்களுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான விளம்பரம் ஏது? லூவரில் காட்சிக்கு வைத்தார்கள், கூட்டம் குவிந்தது, அதை வைத்து நாடகமும் போட்டார்கள். படையெடுப்பு நடக்கவில்லை. 1804இல் துணி ஊர் திரும்பியது.

பாயூவில் அதை இரண்டு உருளைகளில் சுற்றி வைத்தார்கள். பார்க்க யாராவது வந்தால் ஒன்றிலிருந்து அவிழ்த்து மற்றதில் சுற்றுவார்கள். வருகிறவர்கள் பெருகப் பெருகத் துணியின் ஓரங்கள் நைந்தன. இங்கிலாந்தின் தொல்பொருளாளர் சங்கம் அனுப்பிய ஓவியர் சார்லஸ் ஸ்டொத்தார்ட் 1816 தொடங்கி அங்கே வந்து, முழுத் துணியையும் வண்ணத்தில் படியெடுத்தார். அழிந்துபோன இடங்களில் ஊசித் துளைகளை வைத்தே பழைய உருவங்களை ஊகிக்கும் அளவுக்கு நுட்பக்காரர். அவரே ஒரு சிறு துண்டை வெட்டியும் எடுத்துக்கொண்டார். அது கை மாறி லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை அடைந்து, 1870களின் தொடக்கத்தில் பாயூவுக்குத் திரும்பியது. நெடுங்காலம் அந்தப் பழி அவருடைய மனைவியின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. துணியின்மேல் உண்மையான அன்பு கொண்ட ஆய்வாளர் கையாலேயே அதற்குக் காயம் ஏற்படும் என்பதற்கு இது முதல் சான்று. இரண்டாவது சான்றுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஹெர்பர்ட் யான்கூன் 1905இல் கிழக்குப் பிரஷ்யாவின் ஆங்கர்பர்க்கில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, சாம்லாந்துக் கல்லறைகளில் கிடைத்த ரோமப் பேரரசுக் கால இடைவார்களைப் பற்றியது. உலோகக் கொக்கிகளையும் தகடுகளையும் வகைபிரித்துக் காலவரிசைப்படுத்தும் பொறுமையான வேலை. 1930இல், இருபத்தைந்து வயதில், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஹைத்தாபுவின் அகழாய்வுக்குப் பொறுப்பேற்றார். வடகடலையும் பால்டிக்கையும் இணைத்த வைக்கிங் வணிக நகரம் அது. அரைவட்ட மண்கோட்டைக்குள் சேற்றில் புதைந்து கிடந்த வீடுகள், தெருக்கள், பட்டறைகள். பொன்னும் வாளும் தேடுகிற தோண்டலாக அதை நடத்தாமல், மண்ணின் நிற வேறுபாட்டைப் பார்த்து நகரத்தின் அமைப்பையே வாசித்தார் யான்கூன். இளம் வயதிலேயே வந்த பெயர் அவர் உழைப்பால் வந்ததுதான்.

ஹைத்தாபுவுக்கும் பாயூ துணிக்கும் 1066 பொதுவான ஆண்டு. நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா 1050ஐ ஒட்டி ஹைத்தாபுவை எரித்தார். 1066இல் ஸ்லாவியர்கள் அதைச் சூறையாடியபின் நகரம் எழவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹார்ட்ராடா இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் அந்நாட்டு மன்னர் ஹரால்டின் படையிடம் மாண்டார். களைத்த அந்தப் படைதான் மூன்று வாரத்தில் தெற்கே ஓடிவந்து வில்லியமை எதிர்கொண்டது. வைக்கிங் காலத்தின் கடைசி அத்தியாயத்தை ஒரு முனையில் மண்ணும் மறுமுனையில் துணியும் சொல்லின. மண்ணைத் தோண்டியவருக்குத் துணியைப் பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அவரை அங்கே அனுப்பியது அந்த ஆசை மட்டும் அல்ல. எஸ்.எஸ். படையின் தலைவர் ஹைன்ரிஷ் ஹிம்லர் ஹைத்தாபு அகழாய்வின் புரவலராகி, நேரிலும் வந்து பார்த்தார். பணம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். 1937இல் யான்கூன் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ்ஸிலும் உறுப்பினரானார். ஜெர்மானிய மூதாதையரின் பெருமையை 'அறிவியல்' முறையில் நிறுவ 1935இல் ஹிம்லர் தொடங்கிய அனெனெர்பெ நிறுவனத்தில் அகழாய்வுப் பிரிவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1937இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு ஹைத்தாபுவை 'ஆதிகால ஜெர்மானிய நகரம்' என்றது. 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது, அந்நாட்டு அறிஞர்களில் யார் எப்படிப்பட்டவர் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். தன் துறையின் சக ஆய்வாளர்களைப் பற்றி உளவுத்துறைக்கு எழுதும் நிலைக்கு, பத்தே ஆண்டில் வந்து சேர்ந்திருந்தார்.

துணி அப்போது பாயூவில், பழைய ஆயர் இல்லத்தின் அடியிலிருந்த நிலவறையில் கிடந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதுமே பூச்சி மருந்து தூவிச் சுருட்டிப் பெட்டியில் அடைத்திருந்தார்கள். 1940இல் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போனது. கால்வாயைக் கடக்கும் கனவு இப்போது பெர்லினுக்கு. அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

1941 கோடையில் யான்கூன் தன் குழுவோடு வந்தார். பணிக்கு 'பாயூ சிறப்புப் பணி' என்று பெயர். துணிநெசவு வல்லுநர் கார்ல் ஷ்லாபோ, ஓவியர் ஹெர்பர்ட் யெஷ்கெ, புகைப்படக்காரர்கள் உடன் வந்தார்கள். ஊருக்குச் சற்றுத் தெற்கே இருந்த மோந்தாய் மடத்துக்குத் துணியைக் கொண்டுபோய், வாரக் கணக்கில் வேலை செய்தார்கள். நீள அகலங்களை அளந்தார்கள், இழைகளை எண்ணினார்கள், தையல் வகைகளைக் குறித்தார்கள், வண்ணத்தில் படியெடுத்தார்கள், பின்பக்க நெசவையும் ஆராய்ந்தார்கள். பின்பக்கத்தில் வெளிச்சம் படாத நூலின் நிறம் புதிதாக இருந்தது. துணி எங்கேயும் போய்விடாதபடி ஒரு பிடி இருந்ததையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் ராணுவத்தின் கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் வோல்ஃப்-மெட்டெர்னிக், தொழிலால் கலை வரலாற்றாளர். பொருள் பிரான்சை விட்டு வெளியே போகக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எஸ்.எஸ்ஸின் ஆய்வு, ராணுவத்தின் கண்காணிப்பில் நடந்தது.

யான்கூன் தேடியது என்ன? துணியின் மேல், கீழ் ஓரங்களில் வரும் விலங்குகளும் பறவைகளும் ஸ்காண்டிநேவிய அலங்கார மரபின் வாரிசுகள் என்று காட்ட விரும்பினார். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடித்த, முனையில் விலங்குத் தலை வைத்த கப்பல்கள் வைக்கிங் கப்பல்களே என்றார். நார்மானியர் 911இல் ரோலோ தலைமையில் குடியேறிய வடநாட்டார் வழி வந்தவர்கள். ஆகவே ஹேஸ்டிங்ஸ் வெற்றி ஜெர்மானிய இரத்தத்தின் வெற்றி. இதில் கப்பல் பற்றிய கூற்று சரி. ரோலோ பற்றிய செய்தியும் சரி. பிசகு அடுத்த அடியில் இருந்தது. ரோலோவுக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளில் நார்மானியர் பிரெஞ்சு பேசி, பிரெஞ்சு முறையில் குதிரையேறிப் போரிட்டு, பிரெஞ்சு ஆலயங்களைக் கட்டியவர்கள். துணியில் உள்ள எழுத்து லத்தீன். தைத்த கை ஆங்கிலேயக் கை. ஒரே துணியில் இத்தனை மரபுகள் பின்னிக் கிடக்க, ஒன்றை மட்டும் உருவியெடுத்து இதுதான் எல்லாம் என்பது ஆய்வாகாது. பதில் பெர்லினில் தயாராக இருந்தது. மோந்தாயில் செய்த அளவைகள் அதற்கு மரியாதை தேடிக் கொடுக்க மட்டுமே தேவைப்பட்டன.

1941 ஆகஸ்டில் துணியைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற முடிவாயிற்று. தெற்கே சார்த் பகுதியில் இருந்த சூர்ஷ் கோட்டையில் லூவரின் ஓவியங்கள் ஏற்கெனவே பதுக்கப்பட்டிருந்தன. அங்கே கொண்டுபோகக் கிடைத்த வாகனம், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடும் பழைய லாரி. ஃப்ளேர் ஊரில் சாப்பிட நிறுத்தியதும் எஞ்சின் மறுபடி கிளம்ப மறுத்தது. பிறகு மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. பள்ளத்தில் அது அவர்களை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. பேரரசர்கள் ஆசைப்பட்ட செல்வத்தை இரண்டு மூன்று பேர் வியர்வை சிந்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவழியாகத் துணி கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

யான்கூன் அடுத்துக் கிழக்கே போனார். 1942இல் ஜெர்மன் படை தெற்கு ரஷ்யாவுக்குள் புகுந்தபோது, அவர் பெயராலேயே அமைந்த சிறப்புக் குழு பின்தொடர்ந்தது. கிரிமியாவிலும் காக்கசஸ் அடிவாரத்திலும் கோத்தியர் என்ற ஜெர்மானியத் தொல்குடியினர் விட்டுச்சென்ற தடயங்களைத் தேடுவது அறிவிக்கப்பட்ட நோக்கம். நடந்தது, சோவியத் அருங்காட்சியகப் பொருள்களைக் கைப்பற்றி அனுப்பும் வேலை. கோத்தியர் அங்கே வாழ்ந்தார்கள் என்று நிறுவினால் அந்த நிலம் ஜெர்மனிக்கு உரியது என்று வாதிடலாம். பானை ஓட்டுக்கு நிலப் பத்திரத்தின் வேலை கொடுக்கப்பட்ட காலம். அந்த நிலத்தில் வாழ்ந்த யூதர்களை எஸ்.எஸ் கொலைக் குழுக்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான்.

1944 ஜூன் 6இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. இம்முறை படையெடுப்பு எதிர்த் திசையில். மறுநாளே பாயூ விடுதலை பெற்றது. பக்கத்து நகரமான கான் தரைமட்டமாக, பாயூவின் பேராலயத்துக்குப் பெரிய சேதமில்லை. துணி வீட்டிலேயே இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும். அதுவோ அம்மாதக் கடைசியில் ஜெர்மானியரின் வற்புறுத்தலில் சூர்ஷிலிருந்து பாரிசுக்குப் போய், லூவரின் நிலவறையில் கிடந்தது. அடுத்த இலக்கு பெர்லின்.

ஆகஸ்டில் பாரிஸ் கைநழுவும் நேரத்திலும் ஹிம்லர் துணியை மறக்கவில்லை. அதைப் பத்திரமாகக் கொண்டுவருமாறு அவர் அனுப்பிய ரகசியச் செய்தியைப் பிரிட்டனின் சங்கேத வாசிப்பாளர்கள் இடைமறித்துப் படித்தார்கள். சில நாளில் எஸ்.எஸ் ஆட்கள் பாரிஸின் ஜெர்மன் தளபதி கோல்டிட்ஸ் முன் வந்து நின்று துணியைக் கேட்டார்கள். தளபதி அவர்களைப் பலகணிக்கு அழைத்துப்போய் எதிரே இருந்த லூவரைக் காட்டியதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கட்டடத்துக்குள்ளிருந்து பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். வந்தவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினார்களாம். தன்னைப் பாரிஸைக் காத்தவராகக் காட்டிக்கொள்ள விரும்பியவரின் நினைவுக்குறிப்பு என்பதால் வசனங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. துணி லூவரை விட்டு நகரவில்லை என்பது உறுதி. ஆகஸ்ட் 25இல் பாரிஸ் விடுதலையானது. அவ்வாண்டு இறுதியில் லூவரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1945 மார்ச்சில் துணி பாயூவுக்குத் திரும்பியது.

யான்கூனை அமெரிக்கர்கள் 1948 வரை காவலில் வைத்தார்கள். பல தொகுதிகளாக வரவிருந்த பாயூ ஆய்வு வெளிவரவில்லை. ஆனால் வெளியே வந்த மறு ஆண்டே அவர் ஹைத்தாபுவில் மீண்டும் தோண்டத் தொடங்கினார். 1956இல் கோட்டிங்கன் பல்கலையில் சேர்ந்து பேராசிரியராக ஓய்வு பெற்றார். அதே 1956இல் ஹைத்தாபு நூலின் புதிய பதிப்பு வந்தது. 'ஜெர்மானிய நகரம்' அட்டையிலிருந்து மறைந்து 'வைக்கிங் கால வணிகத் தலம்' ஆகியிருந்தது. கல்லறையையும் புதையலையும் விட்டு, ஊர், வயல், காடு, வழித்தடம் ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் குடியிருப்புத் தொல்லியலை ஜெர்மனியில் நிலைநாட்டியவர்களில் அவர் முதன்மையானவர். ஜெர்மானியத் தொல்லியலுக்கான மாபெரும் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாசிரியர்களில் ஒருவர். மாணவர்கள் மதித்தார்கள், பட்டங்கள் குவிந்தன. நார்வேக்காரர்கள் மட்டும் மறக்கவில்லை: 1968இல் பெர்கனில் அவர் ஆற்றவிருந்த உரை எதிர்ப்பினால் நின்றுபோனது. தன் எஸ்.எஸ் ஆண்டுகளைப் பகிரங்கமாகத் திறந்து பேசாமலே 1990இல் காலமானார்.

அவர் பேசாததைப் பேச ஒரு சிறு பொருள் பின்னால் வந்தது. நெசவு வல்லுநர் ஷ்லாபோ 1984இல் இறந்தபின் அவருடைய தாள்கள் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தியபோது, பாயூ துணியிலிருந்து எடுத்த லினன் துணுக்குகள் கிடைத்தன. 1941இல் பின்பக்கத்தை ஆராய்ந்தபோது எடுத்தவை. பூ வேலை எதுவும் இல்லாத வெறுந்துணி. செய்தி 2025இல் வெளியானது. பிரான்சுக்கே திருப்பித் தருவது என்று காப்பகம் முடிவு செய்தது. ஹிம்லரின் ஆட்களால் முழுத் துணியையும் கொண்டுபோக முடியவில்லை. அறிஞரின் பைக்குள் மட்டும் கொஞ்சம் போயிருந்தது.

முழுத் துணி இப்போது அடுத்த பயணத்துக்குத் தயாராகிறது. 1983 முதல் அது இருந்த பாயூ அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டு, 2025 செப்டம்பரில் துணி கவனமாக இறக்கப்பட்டது. 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைப்பது என்று 2025 ஜூலையில் இரு நாடுகளும் அறிவித்தன. பதிலுக்கு சட்டன் ஹூ புதையலும் லூயிஸ் சதுரங்கக் காய்களும் பிரான்சுக்கு. பாதுகாவலர்கள் பலர் கவலை தெரிவித்திருக்கிறார்கள். 2020இல் நடந்த ஆய்வில் 24,204 கறைகளும் 16,445 சுருக்கங்களும் 9,646 ஓட்டைகளும் இன்னும் சரிசெய்யாத 30 கிழிசல்களும் கணக்கிடப்பட்டன. லாரியின் ஒவ்வொரு அதிர்வும் அந்தக் கணக்கைக் கூட்டலாம்.

இம்முறை படை எதுவும் இல்லை. நட்பின் அடையாளம் என்கிறார்கள். அதுவும் ஓர் அரசு துணிக்குக் கொடுக்கும் வேலைதான். முந்தைய வேலைகளைவிட நல்ல வேலை, அவ்வளவே. யான்கூன் குழு எழுதிவைத்த அளவுகளை இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கலாம், பல சரியாகவே இருக்கும். அளவு சரியாக இருந்ததால் ஆய்வு நேர்மையானதாகிவிடவில்லை என்பதுதான் மோந்தாய் மடத்தின் பாடம். அடுத்து இந்தத் துணியின்மேல் குனியப்போகிற யாரும் தம் குறிப்பேட்டின் முதல் வரியில், தம்மை அனுப்பியது யார், அவர்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அளவுநாடாவை எடுக்கலாம்.